மூன்றடி செக்

தெர்மோகோலில் செய்த செக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஒரு முனையைக் கொடுப்பவர் பிடித்திருப்பார், மறுமுனையை வாங்குபவர். நடுவில் அது வளைந்துவிடாமல் தாங்கிக்கொள்ள எட்டுப் பேர். எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். செக் மட்டும் சிரிக்காது. எந்த பாங்க்கிலும் தன்னை வாங்க மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும்.

அப்படி ஒரு விழாவுக்குத் திருப்பூர் போயிருந்தேன். அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹால். பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிற ஒரு சின்ன டிரஸ்ட். பெயர் வேண்டாம். ஏற்றுமதியாளர்கள் சிலர் சேர்ந்து அதற்கு 'ஸ்மார்ட் கிளாஸ்' வாங்கித் தருகிறார்கள். சுவரளவு திரை, தொட்டால் பேசுமாம். பொன்னாடை, நினைவுப் பரிசு, ஆளுக்குப் பத்து நிமிடப் பேச்சு. பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் புது டி-ஷர்ட். நெஞ்சில் கம்பெனி பெயர்.

விழா முடிந்து கைகழுவப் போன இடத்தில் டிரஸ்ட் நடத்துகிற அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சார், பேப்பர்ல எழுதறப்ப ஒண்ணு சேத்து எழுதுங்க. டீச்சருங்க ரெண்டு பேருக்கும் போன மாசச் சம்பளம் இன்னும் போடலீங்க. டிவி வந்துருச்சு. அதைப் போட்டுக் காட்ட ஆள்தான் வேணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சாப்பிட்டது இறங்கவில்லை.

இந்தக் கதையில் நானும் ஒரு குற்றவாளி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மறுநாள் பத்திரிகையில் என்ன வரும்? ரெண்டு காலம் போட்டோ. செக், பொன்னாடை, பெயர்கள் இடமிருந்து வலமாக. "டீச்சருக்குச் சம்பளம் போட்டார்கள்" என்று எந்தப் பத்திரிகையாவது போட்டோ போட்டிருக்கிறதா? நாங்கள் போடாததால் அவர்கள் கொடுப்பதில்லையா, அவர்கள் கொடுக்காததால் நாங்கள் போடுவதில்லையா என்று பட்டிமன்றமே வைக்கலாம்.

திருப்பூர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கேட்டால் கொடுக்கிற ஊர் அது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை மையம் வேண்டும் என்று 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊரே பணம் திரட்டியது. ரோட்டரிக்காரர்கள் முன்னால் நின்றார்கள். 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' லட்சக்கணக்கில் மரம் வைத்திருக்கிறது. சிக்கண்ணா அரசுக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி என்று அரசுக் கல்லூரிகள்கூட மனிதர்கள் பெயரில் நிற்கிற ஊர்.

பக்கத்துக் கோவையில் இதற்கெல்லாம் முப்பாட்டன் கதை ஒன்று உண்டு. பீளமேட்டு பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நாலு பேர். சொத்தைப் பிரித்தபோது பாகம் நாலு இல்லை, ஐந்து. ஐந்தாவது பாகம் தர்மத்துக்கு. 1926-ல் அப்படிப் பிறந்ததுதான் 'பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ்'. பஞ்சிலும் நூலிலும் சம்பாதித்த பணம் பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் ஆனது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் கட்டடங்கள் இல்லை. தர்மத்தை ஐந்தாவது பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார்களே, அது. பிள்ளை என்றால் தீபாவளிக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு விட முடியாது. தினமும் சோறு போட வேண்டும்.

இங்கேதான் நான் படித்த பி.காம். மூக்கை நுழைக்கிறது. முதல் வருஷம் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள்: முதலினச் செலவு, வருவாயினச் செலவு. மிஷின் வாங்கினால் முதலினம். மிஷினை ஓட்டுகிற டெய்லருக்கு வாராவாரம் கூலி கொடுத்தால் வருவாயினம். பள்ளிக்கூடம் என்பது முக்கால்வாசி வருவாயினச் செலவு. மாதம் பிறந்தால் டீச்சர் சம்பளம், வாடகை, கரண்ட் பில், சாக்பீஸ். நம் நன்கொடையோ முக்கால்வாசி முதலினச் செலவு. கட்டடம், பெஞ்சு, கம்ப்யூட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின். ஏன்? மிஷின் மேல் பெயர் எழுதலாம். டீச்சர் மேல் எழுத முடியாது.

கேட்டால் ஒரு பதில் ரெடியாக இருக்கும். "சம்பளமெல்லாம் ஓவர்ஹெட்டுங்க. நாங்க குடுக்கிற பணம் நேரா குழந்தைங்களுக்குப் போகோணும்."

ஐயா, உங்கள் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறவர் கூலியை ஓவர்ஹெட் என்று எழுதுவீர்களா? அது நேரடிக் கூலி. மேனேஜர் சம்பளமும் ஆபீஸ் ஏ.சி.யும்தான் மேற்செலவு. மாலை வகுப்பில் டீச்சர்தான் டெய்லர். அவர் இல்லாமல் எந்தப் பணம் நேராகக் குழந்தைக்குப் போகும்? மத்திய அரசின் சி.எஸ்.ஆர். விதிகளே இதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. நிர்வாக மேற்செலவுக்கு 5 சதவீதம் என்று உச்சவரம்பு போட்ட அதே விதி, திட்டத்தை நேரடியாகச் செயல்படுத்துகிற செலவு அந்தக் கணக்கில் வராது என்கிறது.

சி.எஸ்.ஆர். என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "திருப்பூரில் இத்தனை ஆயிரம் கோடி ஏற்றுமதி நடக்கிறது, 2 சதவீதம் வந்தாலே ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் படித்துவிடலாமே" என்று நண்பர்கள் கணக்குப் போடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அது பொருந்தும். கவனியுங்கள், 'கம்பெனி'. நாம் பனியன் கம்பெனி என்று சொல்வதெல்லாம் சட்டத்தின் கண்ணில் கம்பெனி இல்லை. ஏராளமானவை தனிநபர் நிறுவனங்கள், மாமனும் மச்சானும் சேர்ந்த கூட்டு வணிகங்கள், ஜாப் ஒர்க் எடுக்கிற சிறு யூனிட்டுகள். அவர்களைச் சட்டம் தொடாது. பதிலாக லாபத்தையும் கணக்கிடாது. அவர்கள் கொடுப்பதெல்லாம் மனசிருந்து கொடுப்பது. மனசு என்பது ஆர்டரைப் பொறுத்தது.

வெளிநாட்டுப் பணம் வருமே என்பீர்கள். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு தொண்டு நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு தொண்டு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. பெரியவர்கள் வாங்கி, உள்ளூரில் சந்துபொந்து தெரிந்த சின்னவர்களிடம் கொடுத்து வேலை நடந்துகொண்டிருந்த வழி அதோடு அடைந்தது. நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறக்கிவிட்டார்கள். ஆக, சின்ன டிரஸ்ட்டுக்கு மிச்சம் உள்ளூர்க்காரர்கள்தான்.

இந்த ஊரில் இத்தனை கல்வித் தொண்டு எதற்கு என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 'கைமடி' என்ற சொல் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து, பிசிறு வெட்டுகிற ஆள். ஒரு காலத்தில் அந்த ஆளின் உயரம் டேபிளின் உயரம்தான் இருக்கும். பத்து, பன்னிரண்டு வயசு. 1992-ல் டாம் ஹார்கின் என்ற அமெரிக்க செனட்டர், குழந்தைகள் கைபட்ட சரக்கை இறக்குமதி செய்யக் கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனால் அந்தப் பயத்திலேயே வங்கதேசத்து ஆயத்த ஆடை ஆலைகள் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வெளியே அனுப்பின. அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகவில்லை, இன்னும் மோசமான வேலைகளுக்குப் போனார்கள். வேலையிலிருந்து எடுப்பது ஒரு வேலை, வகுப்பில் உட்கார வைப்பது வேறு வேலை என்று உலகத்துக்கே அப்போது புரிந்தது. திருப்பூரில் 'சேவ்' போன்ற தொண்டு நிறுவனங்கள் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான், 1993-ல். மத்திய அரசின் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பயிற்சி மையங்கள் நடந்தன. 2021-22-ல் அந்தத் திட்டத்தை சமக்ர சிக்ஷாவோடு இணைத்துவிட்டார்கள். தனி மையம், தனி டீச்சர் என்பது போனது.

அதனால் என்ன, திருப்பூர்தான் 2024 பிளஸ் டூ ரிசல்ட்டில் மாநிலத்திலேயே முதலிடம் ஆச்சே? உண்மை. 97.45 சதவீதம். கை தட்டத்தான் வேண்டும், நானும் தட்டினேன். ஆனால் சதவீதம் என்பது பரீட்சை எழுதினவர்களில் எத்தனை பேர் என்ற கணக்கு. பரீட்சை ஹாலுக்கே வராதவன் அந்தக் கணக்கில் பெயிலும் இல்லை, பாஸும் இல்லை. நெருப்பெரிச்சல் பக்கமோ வேலம்பாளையம் பக்கமோ ஒரு லைன் வீட்டில், அம்மாவும் அப்பாவும் ஒன்றரை ஷிப்ட் போயிருக்க, தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒன்பது வயசு ஒடியாப் பெண் எந்த சதவீதத்தில் வருவாள்?

அவளைப் பள்ளியில் சேர்க்கச் சட்டம் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ரொம்பத் தாராளமானது. வயசுச் சான்று இல்லையா, சேர்த்துக்கொள். டி.சி. தாமதமா, சேர்த்துக்கொள். வயசுக்கேற்ற வகுப்பில் உட்கார வை, விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி கொடு. சேர்த்துக்கொள்வார்கள், சந்தேகமில்லை. திருப்பூரில் பல அரசுப் பள்ளி டீச்சர்கள் தாங்களே இந்தி நாலு வார்த்தை கற்றுக்கொண்டு சமாளிக்கிறார்கள். ஆனால் நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் 'அ' எழுதத் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்க முடியும்? அந்த இடைவெளியில்தான் மாலை வகுப்பு டீச்சர் நிற்கிறார். சம்பளம் வராத அதே டீச்சர்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 'பிரதம்' என்ற அமைப்பு மும்பையிலும் வதோதராவிலும் 'பால்சகி' என்று ஒரு திட்டம் நடத்தியது. அக்கம்பக்கத்துப் பெண் ஒருவரை எடுத்து, பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தினம் ரெண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கச் செய்தார்கள். பின்னாளில், 2019-ல், நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் சகாக்களோடு அதை அளந்து 2007-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மார்க் ஏறியிருந்தது. அதிலும் கடைசி பெஞ்சுக்காரர்களுக்குத்தான் அதிகம். கம்ப்யூட்டரை வைத்து நடத்திய இன்னொரு பரிசோதனையிலும் கணக்கு மார்க் நன்றாகவே ஏறியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் செலவு பல மடங்கு. அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்திலும் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இப்போது 'பார்ட்னர்ஷிப்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். அன்றைய மேடையில் அதை எத்தனை தடவை சொன்னார்கள் என்று எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன். எம்.ஓ.யு. எல்லாம் போட்டார்கள். நாங்கள் படித்த 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி பங்குதாரர் என்றால் லாபத்தில் மட்டுமில்லை, நஷ்டத்திலும் பங்கு. ஒருவர் செய்ததற்கு மற்றவர் சொத்தும் பொறுப்பு. மேடையில் நான் பார்த்த கூட்டாண்மையில் ஒரு பங்குதாரர் திரை கொடுத்தார். இன்னொரு பங்குதாரர் மாதம் முப்பது நாளும் நஷ்டத்தைச் சுமக்கிறார். மூன்றாவது பங்குதாரர், அதாவது பிள்ளைகளின் அப்பா அம்மா, ஹாலிலேயே இல்லை. அன்று வேலை நாள். ஒரு ஷிப்ட் விட்டால் சனிக்கிழமை சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

உண்மையான கூட்டு என்னவென்று திருப்பூருக்குத் தெரியாதா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யலைக் காப்பாற்றச் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஊரே நின்றது. பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறியதும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மறுபடி ஓடியதும் எப்படி? சாய ஆலைக்காரர்களே அந்த நிலையங்களில் பங்குதாரர்கள். யார் எவ்வளவு தண்ணீர் விடுகிறாரோ அதற்குத் தக்க பணம். மாதாமாதம். அங்கே யாரும் தெர்மோகோல் செக் பிடித்து நான் பார்த்ததில்லை. கோர்ட் கழுத்தைப் பிடித்தது, கட்டினார்கள். பிள்ளைகள் விஷயத்தில் கழுத்தைப் பிடிக்க ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமென்றால் காமராஜர் காலம். மதிய உணவு 1956-ல் தொடங்கியபோது ஊராரும் ஒரு பங்கு போட்டார்கள். நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். மூட்டை அரிசி கொடுத்தவரும் பெஞ்சு கொடுத்தவரும் பெரும்பாலும் அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிறவர், அல்லது பக்கத்து வீட்டுக்காரர். நாளைக்கு அரிசி வரவில்லை என்றால் கேட்க உரிமையுள்ளவர். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அந்த நினைவில் வைத்த பெயர்தான். நல்ல முயற்சி. ஆனால் கேட்க உரிமையுள்ளவரைச் சட்டம் ஏற்கெனவே உட்கார வைத்திருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழுவில். நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். திருப்பூர்ப் பள்ளிகளின் குழுக்களில் ஒரு பீகார் அம்மாவுக்கு நாற்காலி உண்டா? கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அவரால் வர முடியுமா? கொடுப்பவர்கள் திரை வாங்கும் முன் இந்த ரெண்டு கேள்வியைக் கேட்டாலே போதும், வேறு மாதிரி விழா நடக்கும்.

டிரஸ்ட்காரர்களையும் சும்மா விடுவதற்கில்லை. கொடுப்பவருக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்தே கேட்கிறீர்கள். சம்பளத்துக்குப் பணம் வேண்டும் என்று எழுதக் கூச்சப்பட்டு 'திறன் மேம்பாட்டுப் பயிற்சி' என்று எழுதுகிறீர்கள். ஆண்டறிக்கையில் பயனாளிகள் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கிறது. டீச்சருக்கு மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி, போன வருஷம் இருந்த டீச்சர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள் என்ற பக்கத்தைக் காணோம். ஒரு சின்னப் பையனை மேடையேற்றி "இவன் முன்னே வேலைக்குப் போய்க்கிட்டிருந்தான்" என்று மைக்கில் சொல்கிறீர்களே, நாளைக்கு அவன் இதே ஊரில்தானே தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்? டி-ஷர்ட்டில் கம்பெனி பெயர் இருந்தாலாவது துவைத்தால் போகும்.

சரி, வழி என்ன என்று கேட்கிறீர்கள். திருப்பூர் பாஷையில் சொல்கிறேன்: காஸ்டிங் போடுங்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பாலிபேக், அட்டைப்பெட்டி என்று காசு காசாகக் கணக்குப் போடுகிற ஊர் அது. ரெண்டு டீச்சர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,40,000. வாடகை, நோட்டு, பென்சில் எல்லாம் சேர்த்து 3 லட்சம். வருஷம் 10 லட்சம் பீஸ் அனுப்புகிற கம்பெனி ஒரு மாலை வகுப்பை முழுசாகத் தாங்க, பீஸுக்கு 30 காசு. பாலிபேக் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். காஸ்டிங் ஷீட்டில் ஒரு வரி.

நான் தெரிந்தவர், பல்லடம் ரோட்டில் யூனிட் வைத்திருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னேன். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். "கணக்கு சரிதானுங்க. ஆனா ஆர்டர் நின்னு போச்சுன்னா?" என்றார். நியாயமான கேள்வி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பீஸ் குறைந்தால் 30 காசும் குறையும். அதே மாதம்தான் அப்பாவுக்கு ஷிப்ட் குறையும், பையனைப் படிப்பிலிருந்து நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு வரும். பணம் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் பணம் வற்றும். அதனால் நல்ல வருஷத்தில் கொஞ்சம் ஒதுக்கி, ஆறு மாதச் சம்பளம் பாங்க்கில் டெபாசிட்டாக இருக்க வேண்டும். இதற்கு வருமான வரிச் சட்டமே இடம் கொடுக்கிறது. அறக்கட்டளை 85 சதவீதத்தைச் செலவழித்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம். மூலநிதி என்று எழுதிக் கொடுத்தால் அது தனி. டிரஸ்ட்டிடம் பணம் மிச்சமிருந்தால் "இவங்களுக்கு எதுக்குங்க குடுக்கோணும்" என்று கேட்பதை மட்டும் நாம் நிறுத்த வேண்டும். உங்கள் கம்பெனியில் ரிசர்வ் இருந்தால் அதற்குப் பெயர் சாமர்த்தியம். டிரஸ்ட்டில் இருந்தால் சந்தேகமா?

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "எல்லாஞ் சரிங்க. பேரு எங்கீங்க போடறது?" என்றார்.

"மாசக் கடைசில டீச்சர் வவுச்சர்ல கையெழுத்துப் போடுவாங்க இல்லீங்களா, அதுக்கு மேல 'இன்னாரிடமிருந்து'ன்னு ஒரு வரி இருக்குமுங்க" என்றேன். சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

போன வாரம் டிரஸ்ட் அம்மாளுக்கு போன் போட்டேன். ஒரு டீச்சர் வேலையை விட்டுவிட்டாராம். செக்கிங் வேலைக்குப் போய்விட்டார், அங்கே சனிக்கிழமையானால் சம்பளம் வந்துவிடுகிறது. திரை என்னாச்சு என்று கேட்டேன்.

"பெட்டியிலயே இருக்குதுங்க சார். அது மேலதான் பிள்ளைங்க நோட்டெல்லாம் அடுக்கி வெச்சிருக்கோம்."